குக்கரில் வேகட்டும் புட்டிங்

கொடைக்கானலில் முதலில் பங்களா கட்டிய வெள்ளைக்காரர்கள் ஆங்கிலேயர் அல்லர். 1845இல், மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் அவர்கள். பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் துரை அமைத்த ஏரி வந்ததே 1863இல்தான். ஆகவே இந்த ஊரில் அமெரிக்கப் பண்டிகை விருந்தில் ஆங்கிலேயப் பதார்த்தம் சேர்வதை ஒட்டாத உறவாக நான் நினைக்கவில்லை. வான்கோழியும் பூசணிப் பையும் அமெரிக்கர்கள் பங்காக இருக்கட்டும். பக்கத்தில் ஆங்கிலேய முறையில் வாட்டிய உருளைக்கிழங்கை வையுங்கள். அதோடு 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டை முழுசாகப் போட்டு வாட்டினால் லண்டன்காரரும் வாயடைத்துப் போவார்.

கடைசியில் பிளம் புட்டிங். கோடையில் மலையில் குவியும் பிளம்ஸுக்கு இதில் வேலையில்லை, உலர்திராட்சைதான் சரக்கு. மாட்டுக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போதும். ஆனால் ஒன்று: சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமையல் புத்தகம் சொல்லும் நேரத்தை நம்பி ஆவியில் வைத்தால் நடுவில் மாவாகவே நிற்கும். குக்கரில் வையுங்கள், மரபுவாதிகள் முணுமுணுக்கட்டும். கூடவே ஒரு கரண்டி பழனிப் பஞ்சாமிர்தம் பரிமாறலாம். பழமும் இனிப்பும் சேர்ந்து நாள்பட நிற்கும் பண்டங்கள் இரண்டும், சண்டை வராது. யார்க்ஷயர் புட்டிங்கை மட்டும் விட்டுவிடுங்கள். டிசம்பர்க் குளிரில் அடுப்பிலிருந்து மேசைக்கு வருவதற்குள் அமுங்கிவிடும்.