விற்பனைக்கு ஒரு வீடு, அண்டை வீட்டார் சம்மதித்தால்

"ஒரு படுக்கையறை. முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. கருங்கல் மேடையுடன் புதிய சமையலறை. மரத்தளம். தோட்டம் நோக்கிய சன்னல்கள். ரயில் நிலையம் நடை தூரத்தில். கூட்டுறவு அடுக்ககம், நிர்வாகக் குழுவின் ஒப்புதல் தேவை."

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸ் வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் சிறு வீடுகளின் விளம்பரங்கள் ஏறத்தாழ இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. வாங்க வருவோரின் கண் கருங்கல் மேடையிலும் மரத்தளத்திலும் நின்றுவிடுகிறது. கடைசி வாக்கியமே விளம்பரத்தின் உயிர் என்பதும், அதில் ஒரு பெரிய நீதிக்குறைவு ஒளிந்திருக்கிறது என்பதும் நம் கட்சி.

சொற்களை எடைபோடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இங்கு வாழ்ந்தபோதுதான், பின்னாளில் 'ஸ்கிராபிள்' எனப் புகழ்பெற்ற சொல் விளையாட்டை உருவாக்கினார். 35ஆம் அவென்யூவும் 81ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள பெயர்ப்பலகையில், எழுத்துகளின் அடியில் அவ்விளையாட்டின் மதிப்பெண்களையும் பொறித்திருக்கிறார்கள். நாமும் விளம்பரத்தின் சொற்களுக்கு மதிப்பெண் இட்டுப் பார்ப்போமே!

முதலில், 'விற்பனைக்கு'. உண்மையில் அங்கே வீடு விற்கப்படுவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். வாங்குபவர் பெறுவது அந்நிறுவனத்தின் சில பங்குகளையும், அவற்றோடு பிணைந்த குத்தகை உரிமையையுமே. அவர் ஒரே சமயத்தில் பங்குதாரராகவும் தம் நிறுவனத்துக்கே குடித்தனக்காரராகவும் ஆகிறார். சொத்து வரி, கட்டடத்தின் மீதுள்ள கடன், வெப்பமூட்டல், பணியாளர் ஊதியம் ஆகியவற்றில் தம் பங்கை மாதந்தோறும் பராமரிப்புத் தொகையாகச் செலுத்துகிறார்.

அடுத்து, 'புதுப்பிக்கப்பட்டது'. சுவருக்கு வெளியே தெரிவது புதிது. சுவருக்குள் ஓடும் குழாய்கள் பெரும்பாலும் கட்டடத்தின் வயதுடையவை. தம் வீட்டைத் தம் பணத்தில் மாற்றுவதற்கும் குழுவோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். கீழ்வீட்டாரின் படுக்கையறைக்கு மேலே குளியலறையை நகர்த்தப் பல அடுக்ககங்கள் இசைவதில்லை. மேலும், நகரின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரிம உமிழ்வுக்கு 2024 முதல் வரம்பு விதித்திருக்கிறது. பழைய கொதிகலனை மாற்ற நேர்ந்தால் செலவு பங்குதாரர் தலையிலேயே விழும். ஆகவே கருங்கல் மேடையைத் தடவிப் பார்ப்பதற்கு முன், நிறுவனத்தின் வரவுசெலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது நலம்.

இனி, 'தோட்டம்'. ஜாக்சன் ஹைட்ஸின் தோட்டங்கள் தெருவில் செல்வோர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. தெருவோரம் கட்டடங்கள் அணிவகுக்க, நடுவே பசுமை, குடியிருப்போருக்கு மட்டும். குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித் திட்டமிட்டது. அழகான திட்டம்தான், 1993இல் நகரம் இதனை வரலாற்று வட்டாரமாக அறிவித்ததும் தகும். ஆயின் அந்நாளில் யூதருக்கும் கறுப்பினத்தாருக்கும் இங்கே இடம் மறுக்கப்பட்டது. இன்று எத்தனையோ நாட்டு மக்கள் தத்தம் மொழி பேசி வாழும் அதே தெருக்களின் பழங்கதை இது.

'கூட்டுறவு' என்ற சொல்லுக்கு வேறொரு பிறப்பும் உண்டு. 1916இல், புரூக்ளினின் சன்செட் பார்க்கில், ஃபின்லாந்திலிருந்து குடியேறிய உழைப்பாளிகள் தம் சேமிப்பை ஒன்றுசேர்த்து ஒரு கட்டடம் எழுப்பினர். 'தொடக்கம்' எனப் பொருள்படும் 'ஆல்கு' என்று அதற்குப் பெயரிட்டனர். 1927இல் பிராங்ஸில் தையல் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியால் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. வாடகைக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளக் கண்ட வழி அது. ஒரே சொல், ஓரிடத்தில் உள்ளே அழைத்தது. மற்றோரிடத்தில் வெளியே நிறுத்தியது.

இன்று அச்சொல் எந்தப் பொருளில் வழங்குகிறது? வாங்க விரும்புபவர் வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, முதலாளியின் கடிதம், நண்பர்களின் நற்சான்று என ஒரு கட்டுக் காகிதத்தைக் குழுவிடம் ஒப்படைக்கிறார். பின்னர் நேர்காணல். அதன் பின் மறுப்பு வரலாம்; காரணம் மட்டும் வராது. காரணம் கூறாதிருப்பதே நெடுங்கால வழக்கம். முன்னாள் குடியரசுத் தலைவர் நிக்சனுக்கே 1979இல் மன்ஹாட்டனில் கூட்டுறவு அடுக்ககம் வாய்க்கவில்லை. தனி வீடு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது முடிந்தது. சேமிப்பு முழுவதையும் ஒரு படுக்கையறைக்காகத் திரட்டி வந்த செவிலியருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ முடியுமா?

குழுவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவர் தவணை தவறினால் அச்சுமை மற்றவர் மீது ஏறும். எனவே வருபவரின் பொருள்நிலையை ஆராய்வது அவர்கள் உரிமை. நீதிமன்றங்களும் குழுக்களை மதிக்கின்றன. ஐந்தாம் அவென்யூ அடுக்ககம் ஒன்றில் சமையலறையை விரிவாக்க நீராவிக் குழாயை இடம் மாற்ற முனைந்தவரின் வழக்கில், நல்லெண்ணத்தோடு தன் அதிகார எல்லைக்குள் குழு எடுத்த முடிவில் தலையிடுவதில்லை என்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1990இல் தீர்ப்பளித்தது.

நல்லெண்ணம் என்றால் அதனைச் சொல்ல ஏன் தயக்கம்? வீட்டு விற்பனையில் இன, மத வேறுபாடு காட்டுவதை 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் காரணமே எழுதப்படாத மறுப்பில் வேறுபாட்டை எப்படி நிறுவுவது? மறுக்கப்பட்டவர் தம் பெயரையும் நிறத்தையும் எண்ணி ஐயுற்றுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நேர்மையான குழுவும் அந்த ஐயத்திலிருந்து தப்ப முடியாது. விற்பவருக்கும் இழப்பே: பல வாரம் காத்திருந்து கிடைத்த ஆளை இழந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார், என்ன குறை என்று அவருக்கும் தெரியாது.

நாம் கேட்பது பெரிதன்று. மறுக்கும் உரிமை குழுவிடமே இருக்கட்டும். மறுப்போடு இரண்டு வரி எழுதட்டும்: வருமானம் போதாது, கடன் மிகுதி, விலை குறைவு, எதுவாயினும் சரி. எழுதக் கூசும் காரணம் எதுவோ, அது இருக்கக் கூடாத காரணம். தொழிலாளர் தம் கைப்பொருளால் கட்டிக் காத்த 'கூட்டுறவு' என்னும் சொல்லுக்கு அந்த இரண்டு வரியாவது கடன்பட்டிருக்கிறோம்.