ஆடுகிறவரே நடுவரா?

கணினி விளையாட்டில் நீதி அநீதி பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மனிதர்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுக் கூடும் இடம் எதுவாயினும் அங்கே நடுவுநிலைமை குறித்த கேள்வியும் வந்து அமர்ந்துவிடுகிறது என்பதே நம் தரப்பு.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடத்தும் கணினிக்கு வழங்கி என்று பெயர். 2007-இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி 4' போர் விளையாட்டைக் கணினியில் ஆடியவர்கள், எந்த அணியிலும் சேராத தனி வழங்கிகளில் கூடினார்கள். 2009 நவம்பரில் அதன் தொடர்ச்சியான 'மாடர்ன் வார்ஃபேர் 2' வந்தபோது, இன்ஃபினிட்டி வார்ட் நிறுவனம் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. ஆட வந்தவர்களில் ஒருவரது கணினியே இனி வழங்கி. எதிர்த்து 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டனர், பயனில்லை.

யார் முதலில் சுட்டார் என்று தீர்ப்பளிப்பது வழங்கி. அது எதிரணிக்காரர் ஒருவரின் வீட்டிலேயே இருந்தால் அவரது விரலசைவு அக்கணமே பதிவாகிறது. நம்முடையதோ கம்பிவழிப் பயணம் செய்து, 100 மில்லிநொடி பிந்தியும் சேரலாம். சுவருக்குப் பின்னால் பதுங்கிவிட்டோம் என்று நம் திரை காட்டும்போதே நாம் வீழ்ந்திருப்போம். தோல்வி நெருங்குகிறதென்று அவர் சினந்து வெளியேறினால் ஆட்டம் எல்லோருக்கும் தடைபடும். கபடி ஆடுகிறவரிடமே நடுவரின் ஊதலையும் கொடுத்துவைப்பது போன்றது இது.

எளிமைக்காகச் செய்தோம், ஏமாற்றுக்காரர்களையும் தடுப்போம் என்றார்கள். ஏமாற்றுக்காரர்கள் வரத்தான் செய்தார்கள். அவர்களை உடனே வெளியேற்றக்கூடிய வழங்கி நிர்வாகிகள்தாம் இல்லாமற் போனார்கள்.

தனி வழங்கியும் தொலைவில் இருப்பவருக்கு அநீதிதானே என்பாரும் உண்டு. உண்மை. ஒளியிழையில் 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். எந்த நிறுவனமும் அதை அழிக்க முடியாது. ஆனால் தூரம் யாருக்கும் கட்சிக்காரன் அல்ல. அருகிலிருக்கும் வழங்கியைத் தேடிப் போகலாம். எதிராளியின் வீட்டுக்குள் எழுதப்படும் தீர்ப்பிலிருந்து எங்கே போவது?

அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான வின்ஸ் ஜாம்பெல்லா 2010-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் தொடங்கிய புதிய நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'டைட்டன்ஃபால்' தனி வழங்கிகளில்தான் ஓடியது. ஐந்தாண்டுகளுக்கு முன் கையெழுத்திட்டவர்கள் கேட்டதும் இதைத்தானே!

நடுவரை ஆட்டத்துக்கு வெளியே நிறுத்துவதற்குச் செலவாகும். அச்செலவுக்கு மனமில்லாதவர்கள் களம் திறந்து காசு வாங்க வேண்டாம்.