துடைப்பதும் ஒரு சாஸ்திரம்

விடியற்காலையில் காரின் மீது படிந்த புழுதியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, வாகனத்துக்குச் சிசுருஷை செய்துவிட்டதாகத் திருப்தியடையும் வழக்கம் நம் நகரங்களில் சர்வ சாதாரணமாயிருப்பினும், அது உபகாரமென்று நினைத்துச் செய்யப்படும் அபகாரமே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், வர்ணத்தின் மேல் காவலாக நிற்கும் நிறமற்ற பூச்சு பெரும்பாலும் 50 மைக்ரானை ஒட்டிய கனமே உடையதாய், தலைமயிரினும் மெல்லியதாயிருக்க, புழுதியிலுள்ள மணல் துகளோ அதனைக் கீறத்தக்க கடினம் வாய்ந்தது. ஆகையால் வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரைத் தாராளமாய் ஊற்றிப் புழுதியை நெகிழ்த்திக் கழுவுவதும், பறவை எச்சத்தை வெயில் ஏறுமுன் நனைத்து அகற்றுவதும், பிரேஸில் தேசத்துக் கார்னூபா பனையின் மெழுகையோ அதற்கு நிகரானதையோ சில மாதங்களுக்கொருமுறை பூசிவருவதுமே உசிதம். பளபளப்பு கைவலிமையால் வருவதன்று, பொறுமையால் நிலைப்பது.