விருதுக்கு முந்தைய வாடகையை யார் கொடுப்பது?

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் வரும் என்று 2024 ஜனவரியில் முதல்வர் அறிவித்தார். அதற்கு முன்பே, 2021 ஜூனில், ஞானபீடம், சாகித்ய அகாடமி போன்ற விருதுகளைப் பெற்ற எழுத்தாளர்களுக்கு அவர்கள் விரும்பும் மாவட்டத்தில் வீடு கொடுக்கும் ‘கனவு இல்லம்’ திட்டம் அறிவிக்கப்பட்டு, பலர் சாவியும் வாங்கிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரசின் மனதில் இருக்கும் படைப்பாளி யார் என்று புரிந்துவிடும். அவர் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்; அல்லது சென்னையில் இருப்பவர்; பெரும்பாலும் இரண்டும்.

மூத்த எழுத்தாளருக்கு வீடு கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் சாலிகிராமத்தில் நாலு பேரோடு ஒற்றை அறையைப் பங்குபோட்டுக்கொண்டு, முன்பணத்துக்காக வீட்டு நகையை அடகு வைத்துவிட்டு, உதவி இயக்குநர் வாய்ப்புக்காக அலைகிறானே, அந்த இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இந்தக் கொள்கைகளில் ஒரு வரிகூடக் கிடையாது. அவன் படம் எடுப்பானா, ஊர் திரும்புவானா என்பதை அப்பா இன்னும் எத்தனை மாதம் பணம் அனுப்புவார் என்ற கணக்கே முடிவுசெய்கிறது. அவனுக்காவது அறை என்று ஒன்று கிடைக்கிறது. அதே கனவோடு வரும் பெண்ணுக்கு வீட்டுக்காரர் கதவைத் திறப்பதே பெரிய விஷயம்.

இதற்கு விடை சென்னையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தீப்பெட்டி என்பார்கள், ஹாக்கி என்பார்கள். லாயல் மில், லட்சுமி மில் என்று பஞ்சாலைகளின் பெயர் சொல்வோரும் உண்டு. முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் இந்த ஊரின் பெயர் ஒலிப்பதில்லை. கோவையும் ஓசூரும் ஒலிக்கும்.

என் கணக்கு இதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவில்பட்டி நகராட்சியில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அந்த நகராட்சியிலும், டவுன் பஸ் போய்த் திரும்பும் தூரத்திலிருக்கும் சுற்றுக் கிராமங்களிலுமாகச் சேர்த்து நான்கு சாகித்ய அகாடமி விருதுகள். கு. அழகிரிசாமிக்கு 1970, கி. ராஜநாராயணனுக்கு 1991, பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019. முதல் இருவரும் இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் பிறந்தவர்கள். மேலாண்மை பொன்னுச்சாமியையும் (2008) சேர்க்கச் சொல்லி நண்பர் ஒருவர் வாதாடுகிறார். அவர் விருதுநகர் மாவட்டத்துக்காரர் என்பதால் நேர்மையாக விட்டுவிட்டேன். இப்போது சென்னைக்கு வருவோம். அதே 2011 கணக்கெடுப்பில் சென்னையில் 46 லட்சம் பேர். கோவில்பட்டி விகிதத்தில் பார்த்தால் சென்னை இதுவரை 180-க்கும் மேற்பட்ட விருதாளர்களைத் தந்திருக்க வேண்டும். 1955-லிருந்து தமிழுக்குக் கொடுத்த மொத்த விருதுகளே அதில் பாதியைத் தொடாது. ஒரு கிராமத்தை நகராட்சிக் கணக்கில் சேர்ப்பது முறையா என்று புள்ளியியல் ஆசிரியர்கள் கேட்பார்கள். சேர்க்காமல் பார்த்தாலும் சென்னையின் கணக்கு தேறாது.

விருது கிடக்கட்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த ஊரில் எழுதத் தொடங்கியவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று பாருங்கள். பூமணி கூட்டுறவுத் துறையில். சோ. தர்மன் பஞ்சாலையில். ச. தமிழ்ச்செல்வன் அஞ்சல் துறையில். உதயசங்கர் ரயில்வேயில். கவிஞர் தேவதச்சன் நகைக்கடை நடத்தினார். அந்தக் கடையே பல ஆண்டுகள் இலக்கியச் சபையாக இருந்தது. பகலில் ஒரு சம்பளம், சாயங்காலம் டீக்கடை, ராத்திரி காந்தி மைதானத்தில் விடிய விடியப் பேச்சு. வேலை முடிந்த பத்தாவது நிமிடத்தில் நண்பனைச் சந்திக்க முடிகிற ஊர் அளவு அது. தாம்பரத்திலிருந்து வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அந்த ராத்திரி கிடையாது. அது மின்சார ரயிலில் நின்றபடியே கழிந்துவிடுகிறது. ‘கல்குதிரை’ போன்ற கனத்த சிறுபத்திரிகை மாநகரத்திலிருந்து வராமல் கோவில்பட்டியிலிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதை 2008-ல் ‘பூ’ படமானது. பூமணியின் ‘வெக்கை’ 2019-ல் ‘அசுரன்’ ஆகி தேசிய விருதுவரை போனது. கோடம்பாக்கம் தனக்கு வேண்டிய கதையைக் கரிசலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இடம் கொடுக்கும்போது மட்டும் பூந்தமல்லி.

‘அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் போனாரே, கி.ரா. புதுச்சேரிக்குப் போனாரே, எட்டயபுரத்துப் பாரதியே 1904-ல் சுதேசமித்திரனுக்குப் போனவர்தானே’ என்று உடனே மடக்குவார்கள். போனார்கள். அன்று அச்சுக்கூடம் அங்கே இருந்தது, பத்திரிகை அங்கே இருந்தது, சம்பளமும் அங்கே இருந்தது. இன்று கண்ணாடி இழைக் கேபிள் கோவில்பட்டிக்கும் வந்துவிட்டது. படத்தொகுப்பு, அனிமேஷன், ஓவியம், ஒலிக்கலவை எல்லாம் ஒரு அறையும் ஒரு கணினியும் இருந்தால் நடக்கிற காரியங்கள். புத்தகம் போட வேண்டுமென்றால் ஆப்செட் அச்சகங்கள் நிறைந்த சிவகாசி பஸ்ஸில் போய்வருகிற தூரம். சென்னையில் ஆளைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, காலையில் எழும்பூர்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. கையால் குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி நடந்த தீப்பெட்டி ஆபீஸ்கள் முழு இயந்திர ஆலைகளோடு போட்டிபோட முடியாமல் ஒவ்வொன்றாக மூடின. 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. மூடிய ஆபீஸ் திறக்கவில்லை. உயரமான கூரையும் நல்ல வெளிச்சமும் உள்ள கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அந்தக் கூரைகளுக்குக் கீழே குழந்தைகள் வேலை பார்த்தார்கள் என்பதை மறந்துவிட்டு மலிவு பற்றிப் பேசக் கூடாது. அதை மறக்க விடாமல் ‘கருவேலம்பூக்கள்’ என்று படம் எடுத்தவரும் இதே ஊர் பூமணிதான்.

கொட்டகையை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைப் பாருங்கள். 1884-ல் அங்கே தொடங்கிய பருத்தி நூற்பாலை ஒரு கட்டத்தில் ஐரோப்பியப் பெருநிலத்திலேயே பெரியதாக இருந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு ஆலை ஓய்ந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரை கொண்ட பெரிய வளாகம், வாடகையோ சொற்பம். ஓவியர்கள் நுழைந்தார்கள். நியோ ரௌக் உலகப் புகழ் பெற்றது அங்கே வரைந்துகொண்டிருந்தபோதுதான். இன்று சுமார் நூறு கலைஞர்கள் அங்கே பட்டறை வைத்திருக்கிறார்கள். 1998-ல் 4.4 லட்சத்துக்கும் கீழே இறங்கிய நகரத்தின் மக்கள்தொகை இப்போது 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்து ஊர்களை இணைத்ததும், போர்ஷே, பிஎம்டபிள்யூ ஆலைகள் வந்ததும் காரணம் என்பார்கள். இருக்கட்டும். எந்த ஊரில் வாழ ஆசைப்படுகிறோம் என்பதைக் கார் ஆலையை மட்டும் பார்த்தா மனிதர்கள் முடிவுசெய்கிறார்கள்? பிறகு லைப்சிக்கிலும் வாடகை ஏறியது உண்மைதான். கோவில்பட்டிக்கு அந்தக் கவலை வரும் நாளில் இன்னொரு கட்டுரை எழுதிக்கொள்கிறேன்.

‘படைப்பாளிக்கு மாநகரம் வேண்டும், தொடர்புகள் வேண்டும், அரங்கு வேண்டும்’ என்று சென்னையில் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. தொடர்பு என்று அவர்கள் சொல்வது நாலு பேர் நாலு பேரையே மாறி மாறிப் பாராட்டிக்கொள்வதை. சின்ன ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் சாதி கேட்பார்கள் என்பது மட்டுமே யோசிக்க வேண்டிய ஆட்சேபம். கேட்பார்கள். மயிலாப்பூரில் கேட்பதில்லையா? அதனால்தான் வீட்டுக்காரரின் தயவில் விடாமல், கொட்டகைகளை அரசே குத்தகைக்கு எடுத்து, அரசே அறைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். தண்ணீர்ப் பஞ்சம் உண்டு, சீவலப்பேரிக் குழாயை நம்பிய ஊர்தான், வெயிலும் உண்டு. இரண்டும் சென்னைக்காரருக்குப் புதிதல்ல.

கி.ரா. மறைந்த பிறகு கோவில்பட்டியில் அரசு சிலை வைத்தது, நினைவரங்கம் கட்டியது. நல்லது. ஆனால் அடுத்த கி.ரா.வுக்கு இப்போது இருபத்திரண்டு வயது இருக்கும், அவருக்கு மேஜை போட ஒரு இடம் வேண்டும் என்ற யோசனை கோட்டையில் எந்தக் கோப்பிலும் இல்லை. பூந்தமல்லியின் 500 கோடியில் ஒரு சதவீதம் 5 கோடி. மாதம் பத்தாயிரம் ரூபாய் வீதம் கொடுத்தால் நாற்பது பேருக்குப் பத்து ஆண்டுகள் வரும். இருபது லட்சம் மிஞ்சவும் செய்யும், கூரையின் ஓட்டை அடைக்க. விருது வாங்காத, முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட, பாதிக்குப் பாதி பெண்களான நாற்பது பேரைக் கோவில்பட்டிக்கு அனுப்புங்கள். 2040-ல் தமிழ்ப் புனைகதைக்கும் தமிழ் சினிமாவுக்கும் தலைநகரம் அதுவாக இருக்கும். பூந்தமல்லியில் அப்போது தொலைக்காட்சித் தொடர்களுக்கு செட் போட்டுக்கொண்டிருப்பார்கள்.