கல் எழுந்தது, சொல்?

வேல்சு நாட்டிற்குக் கோட்டை காணச் செல்வோர் பெரும்பாலும் கான்விக்கும் கயர்நார்வனுக்குமே செல்கின்றனர். ஆங்கில மன்னன் முதலாம் எட்வர்டு, தான் வென்ற மக்களை அடக்கிவைக்க 1283-இல் கட்டத் தொடங்கிய கோட்டைகள் அவை. 1986-இல் உலக மரபுச் செல்வங்கள் என்னும் பட்டமும் பெற்றுவிட்டன. அடக்கியவனின் கைத்திறனை வியக்கக் காசு கொடுத்து நுழையும் கூட்டத்திற்கு எந்நாட்டிலும் குறைவில்லை! நாம் காட்ட விரும்புவது வேறொரு கோட்டை.

தைவி ஆறு கடலை நெருங்குமிடத்தில் அமைந்த ஊர் அபர்தைவி. 'அபர்' என்பது அவர்கள் மொழியில் ஆற்றுமுகம். ஆங்கிலேயர் வாயில் அவ்வூர் கார்டிகன் ஆயிற்று. கிரிபித்தின் மகன் இரீசு என்னும் வேல்சு வேந்தன் 1171-இல் அங்குக் கல்லால் கோட்டை எழுப்பினான். 1176-இல், ஓராண்டிற்கு முன்பே வேல்சு, இங்கிலாந்து, இசுக்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் பறையறைவித்து, பாவலர்க்கும் இசைவாணர்க்கும் அக்கோட்டையில் போட்டி நடத்தினான். வென்றோர்க்கு இருக்கைகளைப் பரிசாக அளித்தான். பாட்டுப் பரிசு வடபுலத்துக் குவினெத்துப் பாவலர்க்கே சென்றது. தன் வீட்டில் கூட்டிய அவையில் அயற்புலத்தானுக்கு முதன்மை தந்த அவ்வேந்தனின் நேர்மையை என்னென்பது! அவ்வழியில் வந்த 'ஐசுத்தெத்வாது' விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கின்றது. இன்றும் பாவலனுக்கு இருக்கையே பரிசு.

இத்தகைய கோட்டை எவ்வாறு கைம்மாறியது? 1197-இல் இரீசு மறைந்தான். மைந்தர் தம்முள் மோதினர். உடன்பிறந்தான்மேல் கொண்ட பகையால், மேல்குன் என்பான் 1200-இல் அக்கோட்டையை அற்ப விலைக்கு ஆங்கில மன்னன் சானுக்கு விற்றான். ஆம், விற்றான்! காட்டிக் கொடுப்போன் வெளியிலிருந்து வருவதில்லை.

பின்னர்ப் போரும் புறக்கணிப்பும் அதனைச் சிதைத்தன. அதனுள் பிற்காலத்தார் கட்டிய மாளிகையும் பாழாயிற்று. சரியும் மதிலை இரும்பு முட்டுகள் பல்லாண்டுகள் தாங்கி நின்றன. 2003-இல் கெரெதிகியான் மாவட்ட மன்றம் அதனை விலைக்கு வாங்கியது; ஊரார் பலர் ஊதியமின்றி உழைத்தனர். ஏறத்தாழ 1.2 கோடி பவுண்டுச் செலவில் புதுக்கப்பட்டு, 2015-இல் கோட்டை மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று செல்வோர், மாளிகையின் பின்புறத்தில் பழைய கோபுரத்தின் எச்சத்தையும், முற்றத்தில் அவ்விழாவை நினைவூட்டும் மாபெரும் இருக்கையையும் காணலாம்.

மகிழ்ச்சியே. ஆயினும் அவ்விருக்கைக்குரிய மொழியின் நிலை என்ன? 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்சு மொழியை வழக்குமன்றத்திலிருந்தும் ஆட்சியிலிருந்தும் விரட்டியது. அது முழுமையான ஆட்சிமொழித் தகுதியை 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெற்றது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்கு 19 பேர் அம்மொழி பேசினர், 2021-இல் 17.8 பேர். கோட்டை நிற்கும் கெரெதிகியானிலேயே 47.3 என்பது 45.3 ஆகக் குறைந்துள்ளது. கோட்டை எழுந்த அதே பத்தாண்டில் நேர்ந்த குறைவு இது!

2050-க்குள் பத்து இலக்கம் பேரை வேல்சு மொழி பேச வைப்போம் என்கிறது வேல்சு அரசு. 2021-இல் பேசியோர் ஏறத்தாழ 5,38,000 பேர். மதிலுக்கு இரும்பு முட்டுக் கொடுத்துக் காத்திருக்க முடிந்தது. வீட்டில் தாய் பேசாத மொழிக்கு எதை முட்டுக் கொடுப்பர்?