டேங்க்குக்குள் இறங்கும் வாக்கி டாக்கி

எரிவாயு தேங்கிய இடத்தில் வாக்கி டாக்கி மூன்று வழிகளில் தீ மூட்டக்கூடும்: மின்கல முனைகளில் எழும் பொறி, அளவுமீறிச் சூடாகும் பாகம், வானொலி அலையால் அருகிலுள்ள இரும்பில் தூண்டப்படும் மின்சாரம். பலரும் அஞ்சுவது அலைக்கு. கப்பல் பட்டறையில் கண்வைக்க வேண்டியதோ மின்கலத்தின் மேல்.

அலைக்குப் பன்னாட்டுத் தரநிலை வரம்பு வகுத்திருக்கிறது. புரோப்பேன் சேர்ந்த 2ஏ பிரிவு வாயுக்களுக்கு 6 வாட், எத்திலீன் சேர்ந்த 2பி பிரிவுக்கு 3.5 வாட், ஹைட்ரஜனும் அசெட்டிலீனும் சேர்ந்த 2சி பிரிவுக்கு 2 வாட். சாதாரணக் கைக்கருவி 4 அல்லது 5 வாட்டில் பேசும். வெடிப்புச் சூழலுக்கென்று செய்தவை பெரும்பாலும் 1 வாட்டில் நிற்கும். பொறியின் கணக்கு இதைவிடக் கடுமையானது. புரோப்பேனைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் போதும். ஹைட்ரஜனுக்கும் அசெட்டிலீனுக்கும் அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

ஆகவே கருவியின் வெடிப்புப் பாதுகாப்புச் சான்று முத்திரையை முழுதாகப் படிக்க வேண்டும். கருவியின் பின்பக்கத் தகட்டில் வாயுப் பிரிவும் வெப்ப வகுப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். டி4 என்றால் பரப்பு வெப்பம் 135 பாகையைத் தாண்டாது. எண்ணெய் டேங்க்குக்கு 2ஏ போதும் என்று முடிவுகட்டுபவர் வெட்டுவேலைக்கு உள்ளே இழுத்த அசெட்டிலீன் குழாயை மறந்துவிடுகிறார். அது கசிந்தால் அந்த இடம் 2சி.

கப்பல் பழுதுபார்ப்பில் ஊறிய சிங்கப்பூரின் செம்பவாங்கில் எவரும் ஜூரோங்கில் நடந்ததை மறக்க முடியாது. 1978 அக்டோபர் 12 அன்று ‘ஸ்பைரோஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே வெடித்து 76 பேர் மாண்டனர். பற்றவைத்தது எரிவாயு வெட்டுக்கருவியின் பொறி. வானொலிக்கு அதில் பங்கில்லை. ஆனால் கப்பலின் சொந்த எரிபொருள் இருக்க வேண்டிய டேங்க்கில் கச்சா எண்ணெய் கலந்து, வெடிக்கும் ஆவி சேர்ந்திருந்தது. டேங்க்கின் பெயரை வைத்து உள்ளிருப்பதை ஊகித்தால் வாக்கி டாக்கி விஷயத்திலும் அதே ஆபத்துத்தான். நேற்றைய வாயுச் சோதனைச் சீட்டு இன்றைக்குச் செல்லாது.

முத்திரை கருவிக்கு மட்டுமன்று, அதனோடு சான்றளிக்கப்பட்ட மின்கலத்துக்கும் சட்டையில் செருகும் மைக்குக்கும் சேர்த்தே தரப்படுகிறது. வேறு மின்கலத்தை மாட்டிய கணமே முத்திரை பொருளிழக்கும். உறையில் விரிசல் விழுந்தாலும் அப்படியே. டேங்க்குக்குள் சார்ஜ் தீர்ந்தால் ஆள் மேலே வர வேண்டும்; மின்கலத்தைக் கழற்றுவது திறந்த தளத்தில், வாயு இல்லாத இடத்தில். அனுமதிச் சீட்டைப் படமெடுக்க எடுத்துச் செல்லும் சாதாரணக் கைப்பேசிக்கும் உள்ளே இடமில்லை.

இரும்புச் சுவர் அலையைத் தடுப்பதால் டேங்க்கின் அடியிலிருந்து பேசுவது மேன்ஹோலில் நிற்கும் காவலாளுக்குப் பல நேரம் எட்டாது. அதற்காக 5 வாட் கருவியைக் கீழே கொடுத்தனுப்புவது பெரும் தவறு. பேச்சு எட்டும் தூரத்தில் இன்னொரு காவலாள், அல்லது இறங்குமுன் ஒத்துக்கொண்ட கயிற்றிழுப்புச் சைகை வேண்டும். உள்ளிருப்பவரிடமிருந்து குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் காவலாள் தானும் இறங்காமல் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.