துருவும் அளவும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்துகொள்ள, தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனுக்குள் வந்தது. கலெக்டர் ஆபீசையும் சூழ்ந்தது. வீட்டுச் சாமான்களும் கடைச் சரக்கும் போனதைப் பற்றி எல்லோரும் பேசினோம். சின்னப் பட்டறைகளில் சேற்றுத் தண்ணீரில் நின்ற எந்திரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

அப்படி நின்ற ஒரு லேத்தைத்தான் நான் வாங்கினேன். நாலரை அடி படுக்கை, பெல்ட்டில் ஓடுவது, வார்ப்பிரும்பு. பெயர்ப் பலகை எப்போதோ போய்விட்டது. பட்டறைக்காரர் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட இருந்தார். அரை டன் எடைக்குக் கிலோ கணக்கில் இருபதாயிரத்துச் சொச்சம். அதே விலையைக் கொடுத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இறக்கினேன். "எழுபது வயசுக்கு மேல இரும்பைக் கட்டி மாரடிக்கணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆபீசில் பேனாவைத் தவிர வேறு கருவி பிடிக்காதவன் நான்.

‘கடைசல்’ என்பது நம் பழைய சொல். மோர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினை. மரத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றிய காலத்துக் கடைசல்காரரும், மத்தில் கயிறு சுற்றி இழுத்த பாட்டியும் செய்தது ஒரே வேலை. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும் கடைசல் வேலைதான். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் லேத்துக்கு ‘தூர்’ என்று பெயர். ‘சுற்று’ என்பதற்கும் அதே சொல்தான்.

மரக் கடைசலில் உளியைக் கை பிடிக்கிறது. இரும்புக் கடைசலில் உளியை எந்திரமே பிடித்துக்கொண்டு, படுக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரான்சில் வோகான்சோன் 18-ஆம் நூற்றாண்டில் செய்த அப்படிப்பட்ட இரும்பு லேத் பாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது. 1800-ஐ ஒட்டி மாட்ஸ்லி செய்த, மரை வெட்டுகிற லேத் லண்டனில் இருக்கிறது. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். படுக்கை எவ்வளவு நேரோ, அதில் கடைகிற சாமானும் அவ்வளவு நேர். படுக்கை தேய்ந்தால் எவ்வளவு கெட்டிக்காரன் ஓட்டினாலும் சாமானில் அது தெரியும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. துரு பிடித்திருக்கிறது, துருவை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். எமரி பேப்பரை வாங்கி இரண்டு நாள் படுக்கையைத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. பச்சைப் பெயிண்டும் வாங்கி வைத்திருந்தேன்.

பேட்டைப் பக்கம் குடியிருக்கும் பழைய டர்னர் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். விக்கிரமசிங்கபுரம் மில் வொர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய மில் அது. அவர் பெயிண்ட் டப்பாவைப் பார்க்கவே இல்லை. படுக்கையில் நகத்தை வைத்து ஓரடி தூரம் இழுத்தார்.

"சார்வாள், நீங்க துருவையா எடுத்திய? அளவையில்லா எடுத்துட்டிய!"

பிறகு பொறுமையாகச் சொன்னார். படுக்கையின் மேல் இருந்தது மெல்லிய துரு. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய பிளேடைப் படுக்கை வசத்தில் வைத்து வழித்திருந்தால் துரு மட்டும் வந்திருக்கும். எமரித் தூளோ இரும்பையும் சேர்த்துத் தின்னும். தின்று முடித்த பிறகும் எண்ணெயோடு கலந்து இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, ஓடும்போதெல்லாம் தின்னும். ஆற்று வண்டலும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே முதல் வேலை பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவுவது. அதன் பிறகு அளப்பது. பெயிண்ட் கடைசி. அடிக்காவிட்டாலும் குற்றமில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. கேரேஜின் உள்ளேயிருந்து கரண்டி கரண்டியாக வண்டல் வந்தது. சின்னத் திருகுகளைப் புளிக் கரைசலில் ஊறப்போட்டேன். செம்புப் பாத்திரத்தைத் துலக்குகிற அதே புளிப்பு இரும்புத் துருவையும் கரைக்கும். ஆனால் எடுத்தவுடன் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் மறுபடி துரு.

பிறகு சோதனை. ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து, இரண்டு முனையிலும் மெல்லியதாக ஒரு கடைசல் கொடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்தோம். இரண்டு முனைக்கும் 0.05 மில்லிமீட்டர் வித்தியாசம். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். கால் சமமாக நிற்காததால் படுக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார் அண்ணாச்சி. காலுக்கு அடியில் மெல்லிய தகடுகளைக் கொடுத்துக் கொடுத்து அளந்ததில் வித்தியாசம் 0.02-க்கு இறங்கியது. அதற்குக் கீழே வரவில்லை. சக்குக்குப் பக்கத்தில்தான் கேரேஜ் அதிகம் ஓடும், அங்கே தேய்மானம் இருப்பது சகஜம் என்று என்னைத் தேற்றினார். அதில் பழைய தேய்மானம் எவ்வளவு, என் எமரியின் கைங்கரியம் எவ்வளவு என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆபீசில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செல்லரித்த கோப்புக்குப் புது அட்டை போட்டு, புது நாடா கட்டி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அடுக்கி வைப்போம். அட்டையைப் பார்த்துத் திருப்தியோடு போன அதிகாரிகள் உண்டு. உள்ளே தாள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தவர்தான் அதிகாரி. அந்தப் பாடத்தை முப்பத்தைந்து வருஷம் கற்றவன்தான் வீட்டுக்கு வந்து இரும்புக்கு அட்டை போட்டேன்.

இப்போது பழைய எந்திரங்களைப் பெயிண்ட் அடித்து ஓட்டல் வாசலிலும் வரவேற்பு அறையிலும் நிறுத்துவது நாகரிகமாகிவிட்டது. வோகான்சோன் லேத் மியூசியத்தில் நிற்கட்டும், அது முன்னோடி. ஆனால் நம் ஊர்ப் பட்டறை லேத்துக்கு மரியாதை ஓடுவதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் லேத் வந்த பிறகு இது எதற்கு என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே சாமான் வேண்டுமென்றால் அவர்கள் சொல்வது சரி. பக்கத்து வீட்டு இருபது வருஷக் கிரைண்டருக்கு ஒரே ஒரு புஷ் வேண்டுமென்றால் யாரிடம் போவது? போன மாதம் அதை கன்மெட்டலில் இதில்தான் கடைந்தேன். இரண்டு தடவை தப்பாக்கி, மூன்றாவது தடவை சரியாக வந்தது. கிரைண்டர் ஓடுகிறது.

ஆகவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீரில் நின்ற லேத்தை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பழைய டர்னரை அழைத்துக் காட்டுங்கள். ஐ.டி.ஐ.களை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். இப்படிப்பட்ட லேத் ஒன்றை வாங்கிப் போட்டு, கழற்றி, கழுவி, அளந்து, மறுபடி ஓட்டிக் காட்டுவதைப் பையன்களுக்கு ஒரு பாடமாகவே வையுங்கள். ஓய்வு பெற்ற டர்னர்களைக் கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு இன்னும் ஐம்பது வருஷம் கிடக்கும். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துத் தேய்மானம் சொல்கிற விரல் அவ்வளவு நாள் இருக்காது. எங்கள் அண்ணாச்சிக்கு எண்பத்தொன்று ஆகிறது.

பச்சைப் பெயிண்ட் டப்பா இன்னும் திறக்காமல் கொட்டகையில்தான் இருக்கிறது.